பல்வலிப் பையனும் பொய் சொன்ன அப்பாவும்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் மகள் விசாலம் என்னைப் பொய்யன் என்று நிரூபித்துவிட்டாள். அவளுக்கு ஏழு வயது. சத்தம் போடவில்லை, அழவில்லை. புத்தகத்தில் விரலை வைத்து நிரூபித்தாள்.

அந்தப் புத்தகம் உங்களுக்குத் தெரிந்ததுதான். இரண்டு மாதம் முன்பு இதே பக்கத்தில் அதைப் பற்றிப் பெருமையாக எழுதியிருந்தேன். குழந்தைகளை அடிக்க வேண்டாம், அதட்ட வேண்டாம். படப் புத்தகத்தைப் பிரித்து ஒரு படம், ஒரு நீதி என்று சொல்லிக் கொடுங்கள், நல்ல குணம் தானாக வரும் என்று. உங்களில் சிலர் பாராட்டிக் கடிதம்கூடப் போட்டீர்கள். அந்தக் கடிதங்களைத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

அப்போது ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லாமல் விட்டிருந்தேன். அது வங்காளிப் புத்தகம். எனக்கு வங்காள எழுத்து ஒன்றுகூடத் தெரியாது.

என்ன செய்வது? கல்கத்தாவில் தமிழ்ப் படப் புத்தகத்துக்கு எங்கே போவேன்? காலேஜ் ஸ்ட்ரீட் கடை ஒன்றில் பெரிய பெரிய படங்களோடு இது கிடந்தது. வாங்கி வந்துவிட்டேன். பகலெல்லாம் கார்டன் ரீச் ரயில்வே ஆபீஸில் வேகன் நம்பர்களைப் பிரதி எடுத்துவிட்டு, டிராமில் நின்றுகொண்டே பவானிப்பூர் வந்து சேர்கிறவனுக்குப் புது எழுத்துப் படிக்க உடம்பில் என்ன மிச்சம் இருக்கும்? படத்தைப் பார்ப்பேன். வாய்க்கு வந்த கதையைத் தமிழில் சொல்வேன். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழும் பையன் – பொய் சொன்னதற்காக அம்மாவிடம் அறை வாங்கியவன். குளத்தில் விழும் சிறுமி – பெரியவர்கள் பேச்சைக் கேட்காதவள். கண்ணை மூடிய புலி – செய்த பாவத்தை நினைத்து வருந்துகிறது.

ஒரு வருஷம் இப்படியே போயிற்று. நன்றாகத்தான் போயிற்று...

சனிக்கிழமை வந்தது வினை. நாங்கள் குடியிருப்பது ஒரு வங்காளி வீட்டின் கீழ்க்கட்டு. வீட்டுக்காரர் பென்ஷன் வாங்கும் பள்ளிக்கூட வாத்தியார். விசாலம் அவரை ஜேட்டாமஷாய் என்றும் அவர் மனைவியை ஜேட்டிமா என்றும் கூப்பிடுவாள். பெரியப்பா, பெரியம்மா என்று அர்த்தம். ஜேட்டிமா மொட்டை மாடியில் வெயிலுக்கு வைத்திருந்த இலந்தைப்பழ ஊறுகாய் ஜாடி உடைந்து கிடந்தது. பூனை தள்ளிவிட்டது, நான் பார்த்தேன் என்றாள் விசாலம்.

அந்த வீட்டு வெள்ளைப் பூனையின் பேரில் ஏற்கெனவே மீன் புகாரும் பால் புகாரும் உண்டு. இந்த ஊரில் தொல்லை தருகிற பூனையைச் சாக்கில் கட்டி ஆற்றுக்கு அக்கரையில் விட்டுவிடுவார்கள். தண்ணீரைத் தாண்டிவிட்டால் அதற்குத் திரும்பி வர வழி தெரியாதாம். திங்கட்கிழமை காலை அக்கரையிலுள்ள சாந்த்ராகாச்சி ரயில் யார்டில் கொண்டுபோய் விடுவதென்று முடிவாயிற்று. சாக்கும் கதவோரம் வந்துவிட்டது. இரவும் பகலும் வண்டிகள் முன்னும் பின்னும் போகும் இடம் அது. வேகன் நம்பர் எழுதுகிறவனுக்குத் தெரியாதா, அங்கே ஒரு பூனைக்கு எத்தனை நாள் ஆயுசு என்று?

ஞாயிறு மத்தியானம் விசாலத்தின் பாவாடையைத் துவைக்க எடுத்த என் மனைவி அதை என்னிடம் கொண்டு வந்து காட்டினாள். முன்பக்கம் முழுக்க ஊறுகாய் எண்ணெய்.

"உங்க புஸ்தகம் என்ன சொல்லுதுன்னு பாப்போம்" என்றாள். அவளுக்கு அதன் மேல் எப்போதுமே மரியாதை கிடையாது.

சாயங்காலம் விசாலத்தைப் பக்கத்தில் உட்கார வைத்து, கன்னம் பிடித்த பையனின் பக்கத்தைத் திறந்தேன். பொய் சொன்ன இவன் கதி என்ன ஆயிற்று, பார்த்தாயா என்று ஆரம்பித்தேன்.

"அவன் பொய் சொல்லலப்பா. அவனுக்குப் பல்லு வலி. சந்தேஷ் மிட்டாய் நிறையத் தின்னுட்டான். இதோ, தாந்த்னு போட்டிருக்கு. தாந்த்னா பல்லு."

ஜேட்டிமா பகல் வேளையில் அவளுக்கு ஸ்லேட்டில் எழுத்துச் சொல்லிக் கொடுப்பது எனக்குத் தெரியும். இவ்வளவு தூரம் வந்திருக்கும் என்று தெரியாது. சரி... புலி?

"அது வருத்தப்படல. எல்லாரையும் தின்னுட்டுத் தூங்குது."

எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டேன். ஒரு மாதமாகவாம். பிறகு ஏன் என்னிடம் சொல்லவில்லை?

"சொன்னா நீங்க கதை சொல்ல மாட்டீங்களே."

பெரியவர்கள் ஒரு நல்லதுக்காகச் சொல்வது வேறு என்று ஏதோ இழுத்துப் பார்த்தேன். அவள் விடவில்லை. உங்கள் கதையில் எப்போதும் சின்னப் பிள்ளைகள்தான் தப்புச் செய்கிறார்கள், பெரியவர்கள் செய்வதே இல்லையா என்று கேட்டாள். அதன் பிறகுதான் உண்மையான அடி விழுந்தது.

"ஜேட்டாமஷாய் தினம் பேப்பர் குடுக்கிறார். நீங்க படிக்கிற மாதிரி பிடிச்சுக்கறீங்க. அது பொய் இல்லையா?"

பொய்தான். ஆறு வருஷப் பொய். ஆபீஸ் விட்டு வந்ததும் முற்றத்துப் பெஞ்சில் அவர் தாம் படித்து முடித்த வங்காளிப் பேப்பரை என் கையில் கொடுப்பார். முதல் நாளே எனக்குப் படிக்கத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். கூச்சம். மறுநாள் சொன்னால் முதல் நாள் நடிப்பு வெளியாகிவிடுமே! பத்து நிமிஷம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, "பாலோ" என்று தலையாட்டித் திருப்பிக் கொடுப்பேன். நல்லது என்று அர்த்தம். எந்தச் செய்திக்கும் பொருந்தும் என்று நினைத்திருந்தேன்.

விசாலம் ஓர் ஏற்பாடு சொன்னாள். நான் ஜேட்டாமஷாயிடம் பேப்பர் விஷயத்தைச் சொன்னால் அவள் ஜேட்டிமாவிடம் ஜாடி விஷயத்தைச் சொல்வாள். ஆனால்,

"முதல்ல நீங்க."

முற்றத்தைத் தாண்ட இருபது அடி. ஹெட் கிளார்க்கிடம் லீவு கேட்கவே மூன்று நாள் ஒத்திகை பார்க்கிறவன் நான். திரும்பிவிடலாம் என்றுதான் இருந்தது. கதவோரம் அந்தப் பூனை தன்னைக் கட்டப்போகிற சாக்கின் மேலேயே சுருண்டு படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகு திரும்ப முடியவில்லை.

என் அரைகுறை வங்காளியில் சொல்லி முடித்தேன். பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஓர் எழுத்துக்கூடவா தெரியாது?"

ஓர் எழுத்துக்கூடத் தெரியாது என்றேன். கழற்றிய கண்ணாடியை வேட்டி நுனியால் துடைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். போன மழைக்காலத்தில் அவருடைய பால்ய சிநேகிதர் ஒருவர் காசியில் இறந்துபோன செய்தி பேப்பரில் வந்ததாம். வாய்விட்டுச் சொல்ல முடியாமல், அந்த இடத்தில் விரலை வைத்து என்னிடம் நீட்டினாராம்.

"நீங்கள் படித்துவிட்டு, 'பாலோ, கூப் பாலோ' என்றீர்கள், முதலியார் பாபு."

நல்லது, மிகவும் நல்லது!

அன்றிலிருந்து என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று நினைத்திருக்கிறார். கொடுப்பதை நிறுத்தினால் மரியாதையாக இருக்காதே என்று பேப்பரை மட்டும் பேசாமல் கையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நானோ, வயசாகிவிட்டது, பேச்சுக் குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிநேகிதரின் பெயர் என்ன என்று கேட்டேன். இவ்வளவு நாள் கழித்து வேறு என்ன கேட்பது? சொன்னார். சொல்லிவிட்டு மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குள் விசாலம் ஜேட்டிமா முன்னால் போய் நின்றிருந்தாள். பூனை இல்லை, நான்தான் என்று வங்காளியில் சொன்னது இங்கே கேட்டது. ஜேட்டிமா அவளைப் பார்த்தாள், பாவாடையைப் பார்த்தாள். எழுந்துபோய்ப் பூனைக்கு அடியிலிருந்த சாக்கை உருவி மடித்து வைத்தாள். பூனை கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு வெறும் தரையிலேயே மறுபடி படுத்துக்கொண்டது. விசாலத்துக்கு ஒரு வேலை கிடைத்தது – மாடியில் புதிதாகப் போட்ட ஊறுகாய்க்குத் தினமும் பகலில் காவல்.

கதை இன்னும் நடக்கிறது. முதலில் அவள் புத்தகத்தில் இருப்பதை வாசித்துச் சொல்கிறாள். பிறகு என்னுடையதைக் கேட்கிறாள். புலி வருத்தப்படுவதுதான் அவளுக்குப் பிடிக்கிறதாம். நம்பத்தான் முடியவில்லையாம்.

படப் புத்தகத்தின் மேல் எனக்கு இப்போதும் குறை இல்லை. படத்தில் இருப்பதைக் குழந்தை பார்க்கிறது. அதைப் பிரித்துக் காட்டுகிறவனையும் சேர்த்துப் பார்க்கிறது என்பதை நான்தான் மறந்துபோனேன்.

இன்னொன்று. எனக்குப் படிக்கத் தெரியாது என்று இரக்கப்பட்டு, ஜேட்டாமஷாய் இப்போது பேப்பரைத் தாமே உரக்க வாசித்துக் காட்டுகிறார். முதல் பக்கத்தில் ஆரம்பித்துக் கடைசி மருந்து விளம்பரம் வரைக்கும். ஆபீஸ் களைப்போடு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். கண் சொருகினால் விசாலம் முழங்கையால் இடிக்கிறாள்.

உண்மை பேசினால் என்ன கிடைக்கும் என்று எந்தப் படப் புத்தகமும் சொல்வதில்லை. எனக்குத் தெரியும் – தினம் ஒரு மணி நேரம் வங்காளிப் பேப்பர்.