வளைகாப்பு வீடியோ

திண்டிவனத்தில் நானும் என் கணவரும் நடத்தும் ஸ்டூடியோவுக்குக் கேமராவோ பிரிண்டரோ எது புதிதாக வந்தாலும், ராகு காலத்துக்கு முன்னால் சூடம் காட்டித்தான் முதல் பொத்தானை அழுத்துவோம். அந்த வெள்ளிக்கிழமை வந்தது பொருள்கூட இல்லை. எங்கள் பழைய கம்ப்யூட்டர் புது விண்டோஸைத் தாங்காது என்பதால் லினக்ஸுக்கு மாறினோம். அதற்கும் சூடம்.

மாறுவதற்கு முன், உள்ளே இருந்ததையெல்லாம் ஒரு வெளி டிரைவுக்கு நகலெடுத்துவிட்டுப் பழைய டிஸ்கைத் துடைக்க வேண்டும். ஊரார் கல்யாணங்களுக்கு நடுவே எங்கள் வீட்டு விசேஷமும் ஒன்று அதில் இருந்தது. வளவனூரில் அம்மா வீட்டில் நடந்த என் அக்காவின் வளைகாப்பு. பிரசவத்தில் அக்கா போய்விட்டாள், பிள்ளையும் தங்கவில்லை. அவள் குரல் மிச்சமிருந்தது அந்த ஒரு வீடியோவில்தான். கன்னத்தில் சந்தனத்தோடு, கேமரா பிடித்த என் கணவரைப் பார்த்து, "போதும் நிறுத்துங்க தம்பி, வேர்த்து ஊத்துது" என்பாள். அமாவாசைக்கு ஊரே மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் பஸ் ஏறும். அம்மா எங்கள் கடைக்கு ஏறுவாள், இதைப் பார்க்க.

முந்தின நாளே போட்டோக்கள் எல்லாம் டிரைவுக்குப் போய்விட்டன. காலையில், எடிட்டிங் முடிந்த வீடியோக்களின் ஃபோல்டர் மட்டும் பாக்கி. அதைத் தொடங்கியதும் திரையில் ஒரு பெட்டி வந்து நின்றது. கோப்பு பெரிது, இந்த டிரைவில் எழுத முடியாது, விட்டுவிட்டுப் போகவா என்று கேட்டது. வாடிக்கையாளர் வீட்டு டிவியில் ஓட வேண்டுமென்று அந்த டிரைவை நாங்களேதான் பழைய முறையில் ஃபார்மட் செய்து வைத்திருந்தோம். அதில் நாலு ஜிபிக்கு மேல் ஒரு கோப்பு போகாது. இது தெரியாத ஆட்களும் இல்லை நாங்கள்.

"இதையே பாத்துக்கினு இருந்தா பத்தரை ஆயிடும்" என்று என் கணவர் எல்லாவற்றுக்கும் சேர்த்து 'ஸ்கிப்' கொடுத்தார். சூடத்தட்டோடு நான் பக்கத்தில்தான் நின்றேன். மணிக்கணக்கில் ஓட வேண்டியது நொடியில் முடிந்துவிட்டது. நேரம் நன்றாக இருக்கிறது என்று அவர் சந்தோஷப்பட்டார். பழைய டிஸ்க் துடைக்கப்பட்டது, புது சிஸ்டம் ஏறியது.

ஒரு வாரம் கழித்துத் தேடியபோது சின்னச் சின்னதெல்லாம் பத்திரமாக இருந்தது. பெரியது ஒன்றுகூட இல்லை. மற்றவர்களுடையதை அவரவருக்கு முன்பே பென் டிரைவில் கொடுத்திருந்தோம். எங்களுடையதை யாருக்குக் கொடுப்பது? எடிட்டிங் முடிந்ததும் ஒரிஜினலை அழிப்பது எங்கள் வழக்கம். புதுச்சேரியில், அழிந்ததை டிஸ்கிலிருந்து மீட்டுக் கொடுப்பவரிடம் எடுத்துப்போனோம். அந்த இடத்தின் மேலேயே புது சிஸ்டம் எழுதிவிட்டது, ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் என் கணவர் அழுதார். அவரைத் திட்டக்கூட எனக்குத் தெம்பில்லை. அக்காவை இரண்டாம் முறை சுடுகாட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தது போலிருந்தது.

அமாவாசைக்கு அம்மா வந்துவிட்டாள். வீடியோ போனதை அவளிடம் சொல்லவில்லை. வளைகாப்பு போட்டோக்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினேன். ஒன்றில் சந்தனக் கன்னத்தோடு அக்கா, வாய் திறந்தபடி. அம்மா நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"பேசறா பாரு. சத்தம் வைம்மா."

ஸ்பீக்கரின் குமிழைத் திருப்பினேன். கடைசிவரை திருப்பிய பிறகும், இன்னும் கொஞ்சம் வைக்கச் சொன்னாள்.