செங்கொடியின் எடிட்டர்

எண்ணூர் பக்கம் மின்சார மீட்டருக்குள் வைக்கிற சர்க்யூட் போர்டு செய்கிற கம்பெனி ஒன்றில் செங்கொடி டெஸ்டிங் வேலை பார்த்தாள். வரிசையாக வருகிற போர்டுகளில் கம்பியை வைத்துப் பார்த்து, பச்சை விளக்கு எரிந்தால் ஒரு பக்கம், சிவப்பு எரிந்தால் மறுபக்கம் போட வேண்டும். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவள். கல்யாணம், பிள்ளைகள் என்று படிப்பு பின்னுக்குப் போயிருந்தாலும், வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் யார் வீட்டு மிக்ஸி கெட்டாலும் முதலில் அவளிடம்தான் வரும்.

கம்பி வைத்துப் பார்க்கிற வேலைக்கு ஒரு மெஷின் வந்து இறங்கியது. டெஸ்டிங்கில் இருந்த பெண்களை எல்லாம் பேக்கிங்குக்கு மாற்றப்போவதாகச் சொன்னார்கள். டிசைன் பிரிவைப் பார்த்துக்கொண்ட வெள்ளத்துரை மட்டும், ‘சி’ மொழியில் புரோகிராம் எழுதத் தெரிந்தவர்கள் இரண்டு பேரைத் தன் பிரிவுக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். மாதக் கடைசியில் பரீட்சை. அவரவர் லேப்டாப்பில் எழுதி, அவர் கண்முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். செங்கொடியும், அதே வரிசையில் வேலை செய்த இஷ்ரத்தும், இன்னும் சிலரும் பெயர் கொடுத்தார்கள்.

செங்கொடியின் கணவன் வரதன் துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவன். தெரிந்தவர் ஒருவரிடமிருந்து பழைய லேப்டாப் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான். முதலில் திறந்தபோது அது பெயர் கேட்டது. அவள் தமிழ் எழுத்துக்கு மாற்றி ‘செங்கொடி’ என்று அடித்தாள். யூனியன்காரரான அவள் அப்பா ஆசைப்பட்டு வைத்த பெயர். இங்கிலீஷில் அது ரேஷன் கார்டில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி இருந்தது. இங்கே பிழையில்லாமல் வந்து நின்றதைப் பார்த்து அவளுக்குச் சந்தோஷம். வரதனைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

ஆன்லைனில் ‘சி’ பாடம் ஒன்றில் சேர்ந்து, வீடியோவில் நடத்தியவர் சொன்னபடியே செய்தாள். புரோகிராம் எழுதுவதற்கு எடிட்டரை இறக்கினாள். எடிட்டருக்கு ‘சி’ மொழி புரிவதற்கென்று ஒன்றை அதில் சேர்த்தாள். எழுதியதை மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தரும் கம்பைலரையும் போட்டாள். வார்த்தைகள் நீலமும் பச்சையுமாக நிறம் மாறியபோது பாதிக் கிணறு தாண்டிவிட்டதாகத்தான் நினைத்தாள். ஓட்டும் பட்டனை அழுத்தினாள். கீழே சிவப்பில் ஒரு வரி வந்தது. ஏதோ ஒரு ஃபைலை உருவாக்க முடியவில்லை என்று இங்கிலீஷில் சொன்னது. அந்த வரிக்கு நடுவில் கேள்விக்குறிகள் கொத்தாக நின்றன. கம்ப்யூட்டர் தன்னிடம் எதையோ கேட்கிறது என்று எண்ணிக்கொண்டாள். என்ன கேட்கிறது என்றுதான் தெரியவில்லை.

எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மறுபடி போட்டாள். அதே வரி. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். வீடியோக்காரருக்கு ஒரே அழுத்தில் ஓடியது. பாடத்துக்கான வாட்ஸ்அப் குழுவில் கேட்டதற்கு யாரோ ஒரு லிங்க்கை அனுப்பினார்கள். அதைத் திறந்தால் பக்கம் பக்கமாக இங்கிலீஷ். டோல்கேட் பகுதியில் இருந்த லேப்டாப் ரிப்பேர் கடைக்குத் தூக்கிப் போனாள். கடைக்காரர் வைரஸ் எதுவும் இல்லை, மெஷின் நன்றாக இருக்கிறது, கோடிங் எல்லாம் தனக்குத் தெரியாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மாடியில் குடியிருந்த பிரகாஷ் ஐ.டி.யில் வேலை செய்கிறவன். ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து எதையெதையோ மாற்றிப் பார்த்தான். காபி ஆறிப்போனது.

“விண்டோஸே கெட்டுப் போச்சுக்கா. ஃபார்மட் பண்ணிட்டு புதுசா போட்டா சரியாயிடும்” என்றான்.

அவனே அழித்து, புதிதாகப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். லேப்டாப் மறுபடி பெயர் கேட்டது. அவள் மறுபடி ‘செங்கொடி’ என்று அடித்தாள். எடிட்டர், கம்பைலர் எல்லாம் முதலிலிருந்து ஏற்றினாள். நிறம் வந்தது. அழுத்தினாள். அதே சிவப்பு, அதே கேள்விக்குறிகள்.

அதற்கு மேல் யாரிடம் போவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதே பரீட்சைக்குப் படிக்கிற இஷ்ரத்திடம் கேட்கக் கூச்சமாக இருந்தது. ஓட்டிப் பார்க்காமலேயே பாடங்களைப் படித்தாள். எழுதியது சரியா தப்பா என்று சொல்ல ஆளில்லை.

“ஆவலன்னா வுடு செங்கொடி. பேக்கிங்குல இன்னா கொறஞ்சிடப் போவுது?” என்றான் வரதன். ஆறுதலாகத்தான் சொன்னான். அவள் துணி மடித்தாள்.

பரீட்சையன்று வெள்ளத்துரை கொடுத்த கணக்கு அவளுக்குப் புரிந்தது. மடமடவென்று எழுதினாள். மற்றவர்களின் திரையில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. வெள்ளத்துரை அவள் பின்னால் வந்து நின்று வாசித்தார். எழுதியது சரியாகத்தான் தெரிகிறது, ஓட்டிக் காட்டு என்றார். அவள் அழுத்தினாள். சிவப்பு வரி வந்தது. அவர் குனிந்து திரையைப் பார்த்தார்.

“ஓடணும்லாம்மா” என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

இஷ்ரத்தும் வேறொரு பெண்ணும் டிசைனுக்குப் போனார்கள். செங்கொடி பேக்கிங்குக்குப் போனாள்.

சில வாரம் கழித்து இஷ்ரத் ஒரு விடுமுறையில் பிரியாணி டப்பாவோடு வீட்டுக்கு வந்தாள். செங்கொடியை விட்டுவிட்டுத் தான் போனது அவளை உறுத்திக்கொண்டிருந்தது. லேப்டாப்பைத் திறக்கச் சொல்லி, அந்தச் சிவப்பு வரியை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள்.

“அக்கா, இந்தக் கேள்விக்குறி கீற எடத்துல யூசர் பேருல்ல வரணும்? நீ இன்னா பேரு போட்ட?”

“என் பேருதான்.”

“தமிழ்லயா?”

கம்பைலருக்குத் தமிழ் எழுத்து படிக்க வரவில்லை. லேப்டாப் அவள் பெயரிலேயே உண்டாக்கியிருந்த ஃபோல்டரில் ஃபைலை வைக்கப் போய், வழி தெரியாமல் திரும்பிக்கொண்டிருந்தது. இஷ்ரத் இங்கிலீஷ் பெயரில் வேறொரு யூசர் கணக்கு உண்டாக்கினாள். அதில் எல்லாவற்றையும் போட்டு, பரீட்சைக் கணக்கையே எழுதி அழுத்தினார்கள். ஓடியது. எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கின. கடைசி எண் வரும்வரை செங்கொடி பார்த்துக்கொண்டிருந்தாள். தமிழ்ப் பெயரில் இருந்த பழைய கணக்கை அழித்துவிடவா என்று இஷ்ரத் கேட்டதற்கு, “இர்க்கட்டும் வுடு” என்றாள்.

மறுநாள் இருவரும் வெள்ளத்துரையிடம் போய்ச் சொன்னார்கள். அவர் பொறுமையாகக் கேட்டார். ஆள் எடுத்தாகிவிட்டது, பெயர்களை மேலே அனுப்பியும் ஆகிவிட்டது, தன்னால் மாற்ற முடியாது என்றார். அடுத்த முறை பரீட்சைக்கு வருகிறவர்களிடம் யூசர் பெயரை இங்கிலீஷில் வைக்கச் சொல்லிவிடுவதாகவும் சொன்னார்.

“அடுத்தது எப்போ சார்?”

“அது என் கையில இல்லம்மா.”

செங்கொடி தலையாட்டிவிட்டு வந்தாள். இஷ்ரத் மாடிப்படி ஏறி டிசைன் பக்கம் போனாள். பேக்கிங்கில் அட்டைப்பெட்டிகள் நெஞ்சு உயரத்துக்கு அடுக்கியிருந்தன. செங்கொடி டேப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தன் இடத்தில் போய் நின்றாள்.