வெங்காயப் பட்டறையில் ஒரு குருத்தோலைச் சிலுவை

ஈஸ்டராகிய பாஸ்கு திருநாள் முடிந்து, சித்திரை வெயில் ஏறத் தொடங்கியபோது, வியாகுலம்மாள் தன் விதை வெங்காயத்தை அண்ணன் ராயப்பராஜின் பட்டறையில் கொண்டுபோய் அடைத்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டாம் வருஷம் அது. புருஷன் பவுல்ராஜ் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்து ஆண்டுப் பூசைகூட வைக்கவில்லை.

திண்டுக்கல் பக்கத்து ஆத்தூருக்குக் கிழக்கே சிறிய ஊர். பாதி வீடுகள் கிறிஸ்தவர்களான வேதக்காரர்கள், மீதி வீடுகள் கருப்பசாமியைக் கும்பிடுகிறவர்கள். விளைச்சலில் பங்கு கொடுத்து அவள் வாரத்துக்குப் பார்த்த நிலம் செம்பட்டிக்காரர் ஒருவருடையது. ஆம்பிளை இல்லாத வீடு வெள்ளாமை பார்க்குமா என்று அவருக்குச் சந்தேகம். ஐப்பசியில் நிலம் வெறுமனே கிடந்தால் வேறு ஆளுக்கு மாற்றிவிடுவேன் என்று சொல்லித்தான் விட்டிருந்தார். ஆகவே அந்த வெங்காயம் சந்தைக்குப் போக வேண்டியதல்ல. ஐப்பசி நடவுக்கு வேண்டியது. அது போனால் நிலம் போகும். நிலம் போனால் அவளுக்குக் கூலி வேலைதான்.

பட்டறை பெரிய கட்டடம் ஒன்றுமில்லை. கல் அடுக்கி, மேலே கம்பு பரப்பி, சுற்றிலும் வரிச்சு கட்டி, தென்னங்கிடுகு வேய்ந்தது. அடியிலும் பக்கத்திலும் காற்று புகுந்தால் சின்ன வெங்காயம் மாசக்கணக்கில் கெடாது. ஈரத்தோடு அடைத்தால் ஒன்று அழுகி அடுத்ததையும் அழுகவைக்கும். பவுல்ராஜ் போட்டிருந்த பட்டறையைக் கரையான் தின்றுவிட்டிருந்தது. அண்ணனே வலிய வந்து, தன் பட்டறையில் கிழக்குப் பாதியை எடுத்துக்கொள்ளச் சொன்னான்.

நடுவில் ஒரு தட்டியை நிறுத்தி, தன் பாதியின் மேல் குருத்து ஞாயிறன்று மந்திரித்து வாங்கிய குருத்தோலையைச் சிலுவையாக மடித்துச் செருகினாள். அந்த ஊரில் வேதக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். களத்தில் நெல் குவித்தாலும், வைக்கோல் போர் போட்டாலும் மந்திரித்த ஓலையைச் செருகினால் வேறொரு வேதக்காரன் கை அதில் படாது. பூட்டு எதற்கு?

பக்கத்து வயல்காரி முத்துப்பேச்சி மட்டும் சொன்னாள், ஓலை இருக்கட்டும், தட்டியில் ஒரு கயிற்றையும் இறுக்கிக் கட்டி வை என்று. வியாகுலம்மாள் சிரித்தாள். அண்ணன் கோயிலில் முன்வரிசையில் நின்று செபம் சொல்லிக்கொடுக்கிறவன். அவனிடம் கயிறு கட்டினால் அவனை என்னவென்று நினைத்ததாகும்?

சித்திரைக் கடைசியில் கோடை மழை அடித்தது. ராயப்பராஜின் வெங்காயம் அப்போதும் வயக்காட்டில் கிடந்தது. நனைந்ததைச் சரியாகக் காயவிடாமல் மேற்குப் பாதியில் அடைத்தான். ஆவணியில் சின்ன வெங்காயத்துக்கு நல்ல விலை வந்தது. ஒருநாள் காலையில் அண்ணனுடைய வண்டி மூட்டைகளோடு திண்டுக்கல் ரோட்டில் போவதை அவள் களை எடுத்துக்கொண்டே பார்த்தாள். அண்ணனுக்குத் தேவன் கண் திறந்தார் என்று மனசுக்குள் சந்தோஷப்பட்டாள். அந்தச் சந்தோஷத்தைத்தான் பின்னாளில் அவளால் ஜீரணிக்கவே முடியவில்லை.

புரட்டாசி முடிவில் விதை எடுக்கப் போனாள். சிலுவை மேற்குப் பாதியில் செருகியிருந்தது. கிழக்குப் பாதியில் துடைத்தாற்போல் கம்புதான் தெரிந்தது. சிலுவைக்குக் கீழே கையை விட்டாள். கொழகொழவென்று வந்தது. நாற்றம் குப்பென்று முகத்தில் ஏறியது.

ராயப்பராஜ் வீட்டிலிருந்து துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வந்தான். அவன் பெண்சாதி அமலராணி வாசல்படியிலேயே நின்றுவிட்டாள்.

"அண்ணே, நான் கெழக்கலதான அடச்சேன்."

"அதெல்லாம் எனக்கெங்க ஞாபகம் இருக்கு தங்கச்சி? சிலுவ எங்க இருக்கோ அதுதான் ஒம் பங்கு. அத யாரு தொடுவா?" என்று சொல்லி, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான்.

அவள் அமலராணியைப் பார்த்தாள். மதினி தலை குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள். போனது வெங்காயம் மட்டும் என்றால் அவள் ஊரைக் கூட்டி அழுதிருப்பாள். அவன் ஓலையைத் தன் அழுகலின் மேல் மாற்றிச் செருகி, அதைச் சிலுவையால் எடுத்தான். அன்று சாயங்காலம் செபமாலையைக் கையில் எடுத்தபோது, அதில் தொங்கிய சிலுவையை முத்தமிட அவளுக்கு வாய் வரவில்லை. அப்படியே ஆணியில் மாட்டினாள். பிறகு பல நாள் அது ஆணியிலேயே கிடந்தது.

ஊரில் இரண்டு பேச்சு ஓடியது. அண்ணனாவது திருடுவதாவது என்றார்கள் சிலர். தாலி அறுத்தவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றும் சொன்னார்கள். கடைசியில் அந்தோனியார் கோயிலில் சத்தியம் வைப்பது என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். ஊர் வழக்கம் இதுதான்: பீடத்தின் முன் மெழுகுதிரி ஏற்றுவார்கள். குற்றம் சாட்டப்பட்டவன் தான் செய்யவில்லை என்று சொல்லி, வெறுங்கையால் தீயை அணைக்க வேண்டும். அணைத்தால் அவன் சுத்தம். பின்வாங்கினால் கொடுக்க வேண்டும். சாட்டியவரே திரியை அணைத்தால் வழக்கைக் கைவிட்டதாக அர்த்தம்.

மாசத்துக்கு ஒருமுறை திண்டுக்கல்லிலிருந்து சாமியார் வந்து வைக்கும் பூசை முடிந்து, அவர் புறப்பட்டுப் போன பிறகும் கூட்டம் சத்தியத்துக்காகக் கலையாமல் நின்றது. வியாகுலம்மாளுக்கு ஒரே நம்பிக்கை இருந்தது. அண்ணன் என்ன செய்தாலும் அந்தோனியார் முன் பொய் சொல்லமாட்டான். தீயைப் பார்த்ததும் கை நடுங்கும், பின்வாங்குவான், விதை திரும்பி வரும்.

ராயப்பராஜ் சட்டைக் கையை மடித்துவிட்டான். கையில் நடுக்கமே இல்லை. அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். ஒரே வட்டிலில் கஞ்சி குடித்து வளர்ந்த முகம். அவன் சத்தியம் செய்துவிடப் போகிறான் என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. கை தீயை நெருங்கியது.

அவள் முன்னால் போய், விரல் இரண்டால் திரியைக் கிள்ளி அணைத்தாள்.

"வேண்டாம்ண்ணே. இதுக்காக நீ நரகத்துக்குப் போக வேண்டாம்."

ராயப்பராஜ் ஒரு நொடி அவளைப் பார்த்தான். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, "பாத்துக்கிட்டீகளா? அவளே அமத்திட்டா" என்றான்.

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. நன்றி வேண்டாம், வாயை மூடிக்கொண்டாவது போவான் என்று நினைத்தாள். வெளியே வரும்போது பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். பொய் வழக்குப் போட்டவளுக்கு விடுகிற வழி அது.

மறுநாள் முத்துப்பேச்சி கூப்பிடாமலே வந்தாள். மேற்குப் பாதியில் கிடந்த குவியலை இருவரும் களத்தில் கொட்டி உட்கார்ந்தார்கள். அழுகலை ஒரு பக்கம் எறிந்து, உள்ளே கெட்டியாக ஏதாவது மிஞ்சியிருந்தால் தோலை உரித்துச் சாம்பலில் புரட்டி நிழலில் போட்டார்கள். கூடைக் கணக்கில் எறிந்தால் கை நிறையத் தேறியது.

"எங்க கருப்பனா இருந்தா இந்நேரம் அவன் வாயக் கோணிக்கிட்டுத் திரிய விட்டிருப்பான். ஒங்க சாமி சும்மாவே இருக்குமாக்கும்?" என்றாள் முத்துப்பேச்சி.

வியாகுலம்மாள் ஓர் அழுகலை எடுத்து எறிந்தாள்.

"எங்க சாமியையும் கூட உக்காந்து தின்னவன்தான் காட்டிக்கொடுத்தான். முத்தங் குடுத்துல்ல காட்டிக்கொடுத்தான். அதுக்கு முந்தி அவன் காலையும் கழுவிவிட்டாரு."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

"கூறுகெட்ட சாமியா இருக்கே" என்று முத்துப்பேச்சி சொல்ல, வியாகுலம்மாள் சிரித்துவிட்டாள். சிரித்தபடியே அழுகையும் வந்தது. வெங்காய நெடி என்று சொல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். சின்ன வயசிலிருந்து கேட்ட கதைதான். ஆனால் அழுகலில் கையை வைத்துக்கொண்டு அதைச் சொன்னபோதுதான், தனக்கு நடந்தது அவருக்கும் நடந்தது என்று நெஞ்சில் தைத்தது. அண்ணன் இடம் மாற்றிவைத்தது ஓலையைத்தான், அவரை அல்ல. கோபம் போகவில்லை. ஆனால் அந்தக் கோபத்தோடு தான் தனியாக இல்லை என்று தெரிந்ததும் மூச்சு சீராக வந்தது. அன்று சாயங்காலம் செபமாலையை ஆணியிலிருந்து எடுத்தாள்.

தேறிய விதை கால்வாசி நிலத்துக்குத்தான் வந்தது. மீதியில் முத்துப்பேச்சி கொடுத்த கொத்தமல்லியைத் தூவினாள். செம்பட்டிக்காரர் வந்து வரப்பில் நின்றார். இதென்ன வெள்ளாமை என்று முணுமுணுத்தாலும், நிலம் வெறுமனே கிடக்கவில்லை என்பதால் வேறு ஆளைத் தேடவில்லை. அந்த வருஷம் பல நாள் அவள் வீட்டில் வெஞ்சனம் கிடையாது, வெறும் கஞ்சிதான். அடுத்த வருஷம் தானே கல் சுமந்து, கம்பு வெட்டிச் சொந்தமாகப் பட்டறை போட்டாள். அண்ணன் வீட்டில் அதற்குப் பிறகு அவள் கை நனைத்ததே இல்லை.

ராயப்பராஜ் கடைசிவரை ஒப்புக்கொள்ளவும் இல்லை, மன்னிப்பென்று ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. ஆனால் அந்தச் சத்திய நாளுக்குப் பிறகு அவன் முன்வரிசையை விட்டுவிட்டான். பூசைக்கு வருவான், வாசல் ஓரம் நிற்பான், நற்கருணை நன்மை வாங்கும் நேரம் வந்ததும் வெளியே போய்விடுவான். வயசாகிறது, முழங்கால் வலி என்று ஊர் சொல்லிக்கொண்டது. பாவத்தை ஒப்புக்கொள்ளாதவன் நன்மை வாங்கக்கூடாது என்பது வியாகுலம்மாளுக்குத் தெரியும்.

அறுபதுகளின் நடுவில் அவன் சாகும்வரை, ஒவ்வொரு மாசப் பூசையிலும் நன்மை வாங்கப் பீடத்தின் முன்னுள்ள கிராதியில் அவள் மண்டியிடும்போது, பக்கத்தில் இன்னொரு ஆள் மண்டியிடும் அளவுக்கு இடம் விட்டு மண்டியிட்டாள். பின்னால் திரும்பிப் பார்க்கமாட்டாள். சாமியார் நெருங்கி வருவதற்குள் வேறு யாராவது வந்து அந்த இடத்தில் முட்டுப் போட்டுவிடுவார்கள். அடுத்த மாசமும் அவள் இடம் விட்டுத்தான் மண்டியிட்டாள்.