மேசையைத் தட்டியவர்கள்

எங்கள் கல்லூரியில் எல்லாவற்றையும் சேர்ந்தே முடிவு செய்கிறோம் என்று இயக்குநர் அம்மாள் சொல்லாத நாள் கிடையாது. ஜெர்மனியில், கார்ல்ஸ்ரூஹேயிலிருந்து ரயில் ஏறிப் போகிற ஒரு சிற்றூரில், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட பெரியவர்கள் வந்து அதை முடித்துக்கொள்ளும் இடம் அது. நான் அங்கே மாலையில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். ஆசிரியர்களுக்கென்று ஒரு மன்றம் உண்டு. அதன் கூட்டங்களில் உட்கார்ந்திருந்த நேரத்துக்கு நான் இன்னொரு மொழியே கற்றிருக்கலாம்.

போன குளிர்காலத்தில் மன்றத்தின் முன் வந்த விஷயம் என் வகுப்பு. மாலையில் கட்டடத்தைப் பூட்டிவிட்டால் சூடேற்றும் செலவு மிச்சமாம். கணக்கு வகுப்பை மதியம் இரண்டு மணிக்கு மாற்றலாமா என்று கருத்துக் கேட்டார்கள். என் வகுப்பில் மன்னாரைச் சேர்ந்த ஓர் அக்கா படித்தார். பகல் முழுவதும் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. கணக்கில் தேறினால் பள்ளிச் சான்றிதழ். அது கிடைத்தால் அதே இல்லத்தில் தாதிப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். மதியம் இரண்டு மணிக்கு அவர் பாத்திரங்களுக்கு நடுவே நிற்பார். வகுப்பு மாறினால் படிப்பு அத்தோடு சரி.

கூட்டம் காப்பி இயந்திரத்தில் தொடங்கியது. அதைக் கழுவுவது யார் வேலை? தத்துவ ஆசிரியர் கூட்டுப் பொறுப்பு பற்றி நீட்டி முழக்கினார். பிரெஞ்சு ஆசிரியை மறுத்தார். ஆளுக்கொரு திருத்தம் கொண்டுவந்தார்கள். கடைசியில் யாரும் கழுவுவதாக ஒப்புக்கொள்ளவில்லை.

என் முறை வந்தது. மதியம் வேலையை விட்டு வர முடியாதவர்களுக்காகத்தான் இந்த வகுப்பே இருக்கிறது என்றேன். அக்காவைப் பற்றியும் சொன்னேன். முடித்ததும் அத்தனை பேரும் விரல் முட்டியால் மேசையைத் தட்டினார்கள். ஜெர்மன் கல்விக்கூடங்களில் கைதட்டுவதில்லை, இப்படித்தான் பாராட்டுவார்கள். பிரெஞ்சு ஆசிரியை தட்டிய தட்டில் கோப்பைகள் குலுங்கின. இவ்வளவு பலமாகத் தட்டுகிறவர்கள் நம் பக்கம்தான் என்று நம்பி, இடைவேளையில் அக்காவுக்கு போன் செய்தேன்.

"கவலைப்படாதீங்க அக்கா. கிளாஸ் ஈவினிங்லயேதான் இருக்கும். எல்லாரும் நமக்கு சப்போர்ட்."

"மெய்யாவோ டீச்சர்? வேலையிடத்தில இப்பவே சொல்லுறன். எப்ப பயிற்சிக்கு வாறனெண்டு அவையும் கேட்டுக்கொண்டிருக்கினம்."

பிறகு வாக்கெடுப்பு. வகுப்பை மதியத்துக்கு மாற்ற ஆதரவாக இயக்குநரும் துணை இயக்குநரும் கை தூக்கினார்கள். எதிர்ப்பவர்கள் என்றபோது ஒரு கைகூட எழவில்லை. நடுநிலை என்றதும், அடேயப்பா, அத்தனை கையும் மேலே போயிற்று. மணிக்கணக்குச் சம்பளக்காரர்கள் மன்றத்தில் பேசலாம், வாக்களிக்கக் கூடாது. ஆகவே என் கை மடியில் கிடந்தது. இரண்டே வாக்கில் தீர்மானம் நிறைவேறியது. மன்றத்தின் ஒப்புதலோடு என்று இயக்குநர் அழுத்திச் சொன்னார். மறுபடியும் மேசையைத் தட்டினார்கள், இம்முறை அவருக்காக.

வெளியே பிரெஞ்சு ஆசிரியை என் தோளைத் தொட்டு, மனதைத் தொடும்படி பேசினீர்கள் என்றார். பிறகு ஏன் எதிர்க்கவில்லை என்று கேட்டேன். இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறதாம், ஒரு பக்கம் சாய்வது பண்பாகாதாம். வேலை நிரந்தரமானவர்களுக்கு மட்டும் வாய்க்கிற பண்பு அது. எனக்கு வந்த ஆத்திரத்தில் நன்றிகூடச் சொல்லாமல் நடந்தேன்.

மறுநாள் வகுப்பு முடிந்து மற்றவர்கள் போனதும் அக்காவிடம் சொன்னேன். தத்துவக்காரரைப் போலப் பேசிக் காட்டினேன், நடுநிலைக் கைகளைத் தூக்கிக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. வேலையிடத்தில் ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தார்.

"ரெண்டு மணிக்கு எனக்கு ஏலாது டீச்சர். சரி, விடுங்கோ." புத்தகங்களைப் பையில் வைத்தார். "நீங்கள் எந்தப் பக்கம் கை தூக்கினனீங்கள்?"

"எனக்கு அங்க ஓட்டே கிடையாது அக்கா."

அவர் பையை மூடாமல் நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப என்னத்தை நம்பி டீச்சர் எனக்கு போன் எடுத்தனீங்கள்?"