ஈசான மூலை மாடிப்படி

தொண்ணூற்றாறில் ஒரு புதன்கிழமை. காலை ஒன்பது மணிக்குக் கோவை காந்திபுரத்திலிருந்து அன்னூர் பஸ் கிளம்பியது. முப்பது கிலோமீட்டர், டிக்கெட் ஐந்து ரூபாய், உட்கார இடம் கிடைத்தது என் அதிர்ஷ்டம். கட்டடக்கலைஞர் குமரவேலு தனக்கென்று கட்டிக்கொண்ட வீட்டை, அவர் இறந்தபின் மகள் சின்ன அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார். அங்கிருக்கும் மாடிப்படியைப் பார்க்க வெளிநாட்டு மாணவர்கள்கூட வருவார்களாம். இந்த 'வருவார்களாம்' எல்லாம் நேரில் பார்த்தால்தான் எனக்கு நம்பிக்கை.

பத்தரைக்கு வாசலில் நின்றேன். உள்ளே கடப்பாரையோடு இரண்டு ஆட்கள். பக்கத்தில் வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்.

"ஏனுங்க, இன்னைக்கு லீவுங்க" என்றார்.

"யாரு சொன்னது? நீங்க உள்ள வாங்க" என்று ஓர் அம்மாள் வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அவர்தான் மகள் சரசுவதி. வேட்டிக்காரர் அவருடைய தம்பி.

இரண்டு அறைகளில் குமரவேலுவின் வரைபடங்கள், அவர் போட்ட மூக்குக்கண்ணாடி, அவர் கட்டிய மில்களின் மர மாதிரிகள். வடகிழக்கு மூலையில் அந்தப் படி. தாங்க ஒரு தூண் இல்லாமல் சுவரை மட்டும் பிடித்துக்கொண்டு வளைந்து ஏறியது. கூரையின் இடைவெளி வழியாக வெயில் படிப்படியாக இறங்கி வந்தது. வாய்த்துடுக்குக்காரியான நான் குனிந்து படிக்கு அடியில் தூணைத் தேடினேன்.

"நல்லாப் பாத்துக்குங்க. மத்தியானம் இது இருக்காதுங்க" என்றார் சரசுவதி.

சோமனூரில் தம்பியின் தறிகள் ஓடாமல் நிற்கின்றன. ஈசான மூலையில் பாரம் ஏற்றியதுதான் காரணம் என்று வாஸ்துக்காரர் சொல்லிவிட்டார். பத்தே முக்காலுக்கு மேல் பன்னிரண்டுக்குள் முதல் அடி விழ வேண்டும், அப்புறம் ராகு காலம். வீட்டில் இருவருக்கும் பங்கு உண்டு. அக்கா கெஞ்சிப் பார்த்தும் தம்பி கேட்கவில்லை.

சண்டை நடக்கும் வீட்டில் எனக்கென்ன வேலை என்று நழுவப் பார்த்தேன்.

"சாப்பிட்டுப்போட்டுத்தான் போகோணும்" என்றவர், குரலைத் தாழ்த்தினார். "ஒரம்பரை ஊட்டுல இருக்கறப்ப அவன் செவுத்துல கை வெக்க மாட்டானுங்க. தயவு பண்ணி உக்காருங்க."

விருந்தாளி என்ற பெயரில் நான்தான் அந்தப் படிக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று அப்போது புரிந்தது. அரிசிம்பருப்புச் சோற்றுக்கு அவர் அப்போதுதான் அரிசி களையத் தொடங்கினார்.

தம்பி கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தார். "அக்கா, மணி ஆகுதுங்க" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. பதினொன்றரைக்கு மேல் இலை போட்டார்கள். ஒவ்வொரு பருக்கையாக மென்றேன்.

நிமிர்ந்தபோது தம்பியின் முகம் எதிரே தெரிந்தது. தூங்கிப் பல நாளான கண்கள். வழியோடு போகிற நான் இந்த மனிதர் வயிற்றில் அடிக்கிறேனோ? மனசு கேட்கவில்லை. இலையை மடிக்கக் குனிந்தேன்.

"என்னங்க இது, பாதியில எந்திரிக்கறீங்க?" பதறிப்போய் ஓடி வந்தவர் அவரேதான். "அக்கா, நெய் ஊத்துங்க. இன்னொரு கரண்டி வெய்யுங்க. மோர் இன்னும் வரலையே!"

சொன்ன பிறகுதான் கடிகாரத்தைப் பார்த்தார். எங்கோ மில் சங்கு பன்னிரண்டுக்கு ஊதியது. ஆட்கள் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு வேப்பமரத்தடிக்குப் போனார்கள். சரசுவதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பஸ் நிறுத்தம்வரை தம்பியே வந்து வழியனுப்பினார்.

"இன்னொரு நல்ல நேரம் குறிச்சுப்போடுவேனுங்க. தெனமுமா ஒரம்பரை வரும்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

ஊர் வந்து சேரும்வரை அந்தக் கேள்வியும் என்னோடு பஸ்ஸில் வந்தது. ஆகவே, இதைப் படித்துவிட்டு அந்தப் படியைப் பார்க்கப் போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காலண்டரில் நல்ல நேரம் பார்த்து, சரியாக அந்த நேரத்துக்கு அந்த வீட்டில் இருங்கள். பசியோடு போங்கள். மெதுவாகச் சாப்பிடுங்கள்.