அருவியில் குளித்த கண்

குற்றாலத்தில் சாரல் அடிக்கும் மாதங்களில் தென்காசிக்காரர்களுக்கு எல்லா நோய்க்கும் ஒரே காரணம்தான், அருவி. என் மகளுக்குக் காய்ச்சல், இருமல், ஒழுகும் மூக்கு, சிவந்த கண்கள். சீசனுக்காகக் கைக்குழந்தையோடு கரிசல்காட்டுத் திருவேங்கடத்திலிருந்து வந்திருந்த மதினி, என் கணவரின் அக்காள், நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியதும் தீர்ப்புச் சொன்னாள்.

"அருவியில குளிச்சா கண்ணு செவக்கத்தான செய்யும். இதுக்குப்போயி ஆஸ்பத்திரிக்கு ஓடுதாளாம், பெரிய இவ!"

சுக்குக் காப்பி கொடுத்தோம். மதினி ஊருக்குப் போன மறுநாள் மகளின் காதுக்குப் பின்னால் சிவப்புத் தடிப்புகள் தெரிந்தன. பிறகு முகம், நெஞ்சு என்று கீழே இறங்கின. மணல்வாரி என்கிற தட்டம்மை. யாரும் உள்ளே வரக்கூடாதென்று மாமியார் வாசலில் வேப்பிலை கட்டினாள். நல்ல காவல்தான். வரவேண்டியவர்கள் வந்து, மகளோடு ஒரே பாயில் படுத்து, ஊர் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

மகளுக்கு மூச்சு இரைத்ததும் அந்த வேப்பிலையைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன். தடிப்பு வருமுன்பே, வெறும் சளிக்காய்ச்சலாகத் தெரியும்போதே இது பரவிவிடும் என்றார் டாக்டர்.

மகள் தேறி வீடு வந்ததும் மதினி போனில் அழுதாள்.

"ஏட்டி, எம் பிள்ளைக்கும் காய்ச்சல் அடிக்குது, கண்ணு செவந்துருக்கு. இங்கன குடிக்கவே தண்ணி லாரியில வருது. அருவி ஏதுட்டி?"

"பெரிய இவ மாதிரி ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க மதினி. இப்பமே."