சூட்டிக்கு அக்கா பழக்கியது

என் அக்கா ஜெயந்தினி இலங்கை மலையகத்து டயகமவில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறாள். சூட்டி அவள் வளர்த்த நாய். அது இறந்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை.

மலைக்காட்டு ஓடைகளின் ஓரத்தில் மட்டும் கூடு கட்டும் கருநீலப் பறவை ஒன்று உண்டு. வேறு எந்த நாட்டிலும் இல்லாத அது இங்கேயும் அருகி வருகிறது. விடியலிலும் அந்தியிலும் கொஞ்ச நேரம் கூவிவிட்டு அடங்கிவிடும். காதை நம்பித் தேடிச் சலித்த ஆய்வுக் குழுவினர், மோப்பத்தால் கூட்டைக் கண்டுபிடிக்கும் நாய் கேட்டு வந்தார்கள். அக்கா சூட்டியைக் காட்டினாள்.

பழைய கூட்டின் பாசியைத் துணியில் முடிந்து தேயிலைச் செடிகளுக்குள் ஒளித்து வைப்பாள். கண்டுபிடித்தால் ரொட்டித் துண்டு. அது சீக்கிரமே பழகிவிட்டது. குரைக்காமல் இருக்கப் பழகத்தான் நாளானது. சத்தம் கேட்டால் தாய்ப்பறவை கூட்டை விட்டுப் போய்விடலாம். அதனால் கூட்டைக் கண்டதும் சூட்டி படுத்துவிட வேண்டும். அக்கா வந்து தலையைத் தொடும்வரை குரல் கொடுக்கவும் கூடாது, எழவும் கூடாது.

"கொரைக்காத நாய வச்சிக்கிட்டு என்னாடி செய்யப் போற? கோழி திருட வாரவனுக்கு வெத்தல பாக்கு வைக்குமா?" என்றாள் லய வரிசையில் பக்கத்துக் காம்பரா வீட்டு மீனம்மா.

"அடுத்தது ஒங்களுக்குத்தான் பழக்கப் போறேன், மீனம்மாக்கா."

முதல் கூட்டைச் சூட்டி கண்டுபிடித்த அன்று லயத்து வீடுகள் எல்லாவற்றுக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள் அக்கா.

கடைசியாகப் போன அன்றைக்கு, ஓடைக்கரைப் புதருக்குள் சூட்டியை அவிழ்த்துவிட்ட சற்று நேரத்தில் மூடுபனி இறங்கியது. சூட்டி திரும்பவில்லை. அக்கா கூப்பிட்டுக்கொண்டே கரையில் மேலும் கீழும் நடந்தாள். தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. இருட்டிய பிறகு குழுவினர்தான் அவளை இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

காலையில், அவள் நடந்த தடத்துக்குப் பக்கத்திலேயே சூட்டி கிடந்தது. யாரோ பன்றிக்குக் கட்டிய கம்பிச் சுருக்கு அதன் வயிற்றை அறுத்திருந்தது. முன்னங்கால்களை நீட்டி, பழக்கிய மாதிரியே படுத்திருந்தது. மேலே பாறை இடுக்கில் கூடு இருந்தது. உள்ளே குஞ்சுகள் உயிரோடு இருந்தன.

அக்கா உட்கார்ந்து அதன் தலையைத் தொட்டாள்.

"ஒரு தடவ கொரைச்சிருக்கலாமேடி," என்றாள்.

குஞ்சுகள் பறந்ததும் குழுவைச் சேர்ந்த சுகந்தன் படம் கொண்டுவந்து காட்டினார். புதிதாக ஒரு குட்டி தருவதாகவும் சொன்னார்.

"குருவிங்க மேல எனக்குக் கோவம் இல்லீங்க சார். நல்லா இருக்கட்டும். குட்டி மட்டும் வேணாங்க."

இப்போது கொழுந்து நிறுத்துக் கொடுத்ததும் அவள் வீட்டுக்கு வருவதில்லை. கம்பி வெட்டும் குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடைப் பக்கம் போகிறாள். புதர் புதராக விலக்கி, கம்பிகளை வெட்டிக்கொண்டே போகிறாள்.